களம் போதாத கணினி

எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்கு மேலே சாய்த்து வைத்த பழைய குரூப் போட்டோக்கள் ஏழெட்டு உண்டு. கண்ணாடி உடைந்தவை, சட்டம் செல்லரித்தவை, ஓரத்தில் பூஞ்சை படர்ந்தவை. ஆண்டு விழாவுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கித் துடைப்போம், மறுபடி ஏற்றி வைப்போம். அதற்கு மேல் அவற்றைப் பற்றி நான் யோசித்ததில்லை.

போன ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா மாற்றுச் சான்றிதழ் விஷயமாக வந்திருந்தார். பேச்சுவாக்கில், "எங்கப்பா இந்தப் பள்ளிக்கூடத்துலதான் சார் பத்தாவது படிச்சாரு. எனக்கு ரெண்டு வயசு இருக்கும்போதே இறந்துட்டாரு. வீட்டுல அவரு போட்டோ ஒண்ணுகூட இல்ல" என்றார். எந்த வருடம் என்று கேட்டேன். 1981 என்றார். பீரோ மேலிருந்ததை இறக்கிப் பார்த்தோம். 1981 பத்தாம் வகுப்புப் படம் இருந்தது. கீழே அட்டையில் வரிசைவாரியாகப் பெயர்கள். மூன்றாவது வரிசை, இடமிருந்து ஆறாவது பெயர் அவருடையது. முகத்தின் அகலம் என் சுண்டுவிரல் நகம் அளவுதான், 8 மில்லிமீட்டர் இருக்கும். பாதி முகத்தில் மஞ்சள் கறை வேறு.

"பெருசு பண்ணித் தர முடியுமா சார்?" என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கணினி நினைவகம் பற்றி இத்தனை வருடமாகப் பாடம் மட்டுமே நடத்திய நான் அதைக் கையால் தொட்டுப் பழக நேர்ந்தது. நம் பள்ளிகளில் படம் தொடர்பான வேலை இப்போது ஏராளம். எமிஸுக்கு மாணவர் படம், விழா மலர், சுவரொட்டி, பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்வது. "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, ரேம் போடணும்" என்று எல்லோருமே சொல்கிறோம். எப்போது போட வேண்டும், எவ்வளவு, எப்போது தேவையே இல்லை என்பதை நான் கற்றுக்கொண்டபடி எழுதுகிறேன்.

மூட்டையும் களமும்

கைபேசியில் எடுத்த படம் 4 எம்பி. கணினியில் நினைவகம் 4 ஜிபி. அப்படியானால் ஆயிரம் படம் திறக்கலாமே, ஒரே படத்துக்கு ஏன் திணறுகிறது? ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி.

வத்திராயிருப்புப் பிள்ளைகளுக்கு இதை விளக்க மேசை, அலமாரி உவமை தேவையில்லை. பிளவக்கல் அணைத் தண்ணீரில் நெல் விளையும் ஊர் இது. அறுவடை முடிந்த நெல் மூட்டையாக அடுக்கியிருக்கும்போது சிறு மூலை போதும். அதையே காயப்போட வேண்டுமென்றால் அவிழ்த்துப் பரப்பத்தானே வேண்டும்? ஒரு மூட்டை நெல் பரப்பினால் எவ்வளவு களத்தை அடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஜேபெக் கோப்பு என்பது கட்டிய மூட்டை. வன்தட்டு, மூட்டை அடுக்கும் இடம். நினைவகம்தான் களம். படத்தைத் திறப்பது என்றால் அவிழ்த்துக் களத்தில் பரப்புவது.

பரப்பினால் எவ்வளவு ஆகும் என்பது வெறும் பெருக்கல் கணக்கு. 12 மெகாபிக்சல் படத்தில் 4000 × 3000, அதாவது 1.2 கோடி பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். ஆக 3.6 கோடி பைட், 36 எம்பி. 4 எம்பி மூட்டை 36 எம்பியாக விரிந்துவிட்டது. கோப்பின் அளவைப் பார்த்து நினைவகத் தேவையைக் கணிக்க முடியாது என்பது இங்கேயே தெரிந்துவிடும். அகலம், உயரம், பிக்சலுக்கு எத்தனை பைட், எத்தனை அடுக்கு, இவை நான்கும்தான் கணக்கு. கணித ஆசிரியர்கள் இதை ஏழாம் வகுப்புக்கே கொடுக்கலாம். என் வகுப்பில் பிள்ளைகள் ஆளுக்கொரு படத்துக்குப் போட்டார்கள்.

களம் போதாவிட்டால் நம் ஊரில் என்ன செய்கிறோம்? தார்ச்சாலையில் காயப்போடுகிறோம். பஸ் வரும், ஒதுங்க வேண்டும், காலதாமதம். கணினியும் அதையே செய்கிறது. நினைவகம் நிரம்பியதும் மீதியை வன்தட்டின் ஒரு பகுதியில் கொண்டுபோய் வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. நினைவகம் ஒரு தகவலை எடுத்துத் தர நானோ வினாடி கணக்கில் ஆகும். சுழலும் வன்தட்டுக்கு மில்லி வினாடி கணக்கில் ஆகும். கிட்டத்தட்ட ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். கணினி "தொங்குகிறது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தச் சாலைப் போக்குவரத்தைத்தான்.

குரூப் போட்டோவின் கணக்கு

படம் 8 × 10 அங்குலம். முதலில் கைபேசியால் எடுத்துப் பார்த்தேன். முழுப் படமும் சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 375 பிக்சலுக்கு மேல் கிடைக்காது. கண்ணாடியை எடுத்துவிட்டாலும் பளபளப்பு மிச்சம். ஸ்கேனர்தான் சரி என்று முடிவு செய்தேன்.

எவ்வளவு துல்லியத்தில் ஸ்கேன் செய்வது? 8 மி.மீ. முகம் 600 டிபிஐயில் 189 பிக்சல். 1200 டிபிஐயில் 378 பிக்சல். அச்சிட அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முன்னதில் முகம் 16 மி.மீ. அகலம் வரும், பின்னதில் 32 மி.மீ. வரும். வீட்டில் மாட்ட 32 தான் நன்றாக இருக்கும். ஆனால் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதால் மட்டும் பயனில்லை. அச்சுத்தாளில் இல்லாத விவரத்தை எந்த ஸ்கேனரும் கொண்டுவராது. ஒரு சிறு பகுதியை இரண்டு அளவிலும் ஸ்கேன் செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1200இல் சட்டைக் காலரின் தையல் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அந்தக் கால ஸ்டுடியோக்காரர் ஒழுங்காக ஃபோகஸ் செய்திருக்கிறார். சரி, 1200 என்று முடிவானது.

இப்போது கணக்கு: 9600 × 12000, அதாவது 11.52 கோடி பிக்சல். வண்ண ஸ்கேன் என்றால் 346 எம்பி. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ண ஸ்கேன் எதற்கு என்று கேட்கலாம். சாம்பல் முறையில் எடுத்திருந்தால் பிக்சலுக்கு ஒரு பைட்தான், மூன்றில் ஒரு பங்கு இடம் போதும். பல பழைய படங்களுக்கு அதுவே சரியான யோசனை. இந்தப் படத்தில் மஞ்சள் கறை இருந்ததால் வண்ணத்தில் எடுத்தேன். மஞ்சள் கறை நீல அலைவரிசையில் கறுப்பாகத் தெரியும், சிவப்பு அலைவரிசையில் பெருமளவு மறைந்துவிடும். சிவப்பை மட்டும் பிரித்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

கிம்ப் மென்பொருளில் திறந்தேன். 1996இலிருந்து வெளிவரும் கட்டற்ற மென்பொருள், விலை இல்லை. மலைக்கு அந்தப்பக்கம் கேரளப் பள்ளிகளில் பிள்ளைகளே இதில் வேலை செய்கிறார்கள். மூலப்படம் ஓர் அடுக்கு, வேலை செய்ய அதன் நகல் ஓர் அடுக்கு, கறை நீக்க இன்னொன்று. அடுக்குகளுக்கு ஒளிபுகு தன்மைக்கென நான்காவது பைட்டும் சேரும். ஓர் அடுக்கு 461 எம்பி. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 1.4 ஜிபி. இத்துடன், நாம் பின்வாங்குவதற்காகப் பழைய நிலையையும் மென்பொருள் நினைவில் வைத்திருக்கிறது. தூரிகையால் ஒரு புள்ளியைத் திருத்தினால் அந்த இடம் மட்டும்தான் சேமிக்கப்படும்; ஆனால் முழுப் படத்துக்கும் ஒரு வடிகட்டியைப் போட்டால் முழுப் படமே இன்னொரு நகலாகும்.

என் வீட்டுக் கணினி 2014இல் வாங்கியது. நினைவகம் 4 ஜிபி. விண்டோஸ் 10 தனக்கென்றே கிட்டத்தட்ட 2 ஜிபி எடுத்துக்கொள்ளும். பிறகு என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தூரிகைக் கோடு போட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். இரண்டாம் நாள் இரவு மின்சாரம் போனது. மூன்று மணி நேர வேலையும் போனது. இடையிடையே சேமிக்காதது என் தவறுதான். ஆனால் ஒருமுறை சேமிக்கவே பத்து நிமிடம் என்றால் யார் சேமிப்பார்கள்?

குறை எங்கே என்று பார்ப்பது

வாங்குவதற்கு முன் குறை நினைவகத்தில்தானா என்று உறுதி செய்யுங்கள். படத்தைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்க, டிஸ்க் 100ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் நெல் சாலைக்கு வந்துவிட்டது என்று பொருள். மெமரி பாதியில் நிற்க, செயலி மட்டும் 100இல் ஓடினால் நினைவகம் வாங்கிப் பயனில்லை. மெமரி பாதி, செயலியும் சும்மா, ஆனால் கணினி திறக்கவே ஐந்து நிமிடம் என்றால் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் பலன் தரும். என் கருத்து: 4 ஜிபி இருப்பவர் படவேலைக்கு முதலில் நினைவகம் போடலாம், 8 ஜிபி ஏற்கெனவே இருப்பவர் முதலில் எஸ்எஸ்டி போடலாம்.

அதே மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்றும் காட்டும். எனக்கு இரண்டில் ஒன்று என்று காட்டியது. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில், அபௌட் என்ற இடத்தில் 64 பிட் இயங்குதளமா என்றும் பாருங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் கணினிக்குத் தெரியாது. அந்த நாலிலும் மூன்று, மூன்றரைதான் கைக்கு வரும். இது தெரியாமல் வாங்கிப் போட்டு ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர். இன்னொன்று, சில மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைத்தே வரும். அதில் கூட்டவே முடியாது.

பள்ளிக் கணினிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைடெக் லேப் கணினியோ, அரசு கொடுத்த மடிக்கணினியோ இருப்புப் பதிவேட்டில் ஏறிய அரசுப் பொருள். நல்ல எண்ணத்தில்கூட அதைத் திறந்து நாமே எதையும் மாற்றக் கூடாது. தேவையைத் தலைமையாசிரியர் மூலம் எழுதிக் கேளுங்கள். நான் திறந்தது என் சொந்தக் கணினியை.

ராஜபாளையத்துக்கு இரண்டு முறை

ஒரு சனிக்கிழமை கிருஷ்ணன்கோவில் வழியாகப் பஸ் பிடித்து ராஜபாளையம் போனேன். கடையில் "8 ஜிபி ரேம் கொடுங்க" என்றேன். கொடுத்தார்கள். எந்த வகை என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பொருத்தினால் இறங்கவில்லை. வாங்கி வந்தது டிடிஆர்4. என் பலகையில் இருப்பது டிடிஆர்3. நினைவகப் பட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் அது வேறு வேறு இடத்தில் இருக்கும், தவறானது தப்பித்தவறிக்கூட உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே. காரணம் மின்னழுத்தம். டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2 வோல்ட். இறங்காததை அழுத்தி இறக்க முயன்றால் பலகையே போய்விடும். மடிக்கணினிப் பட்டை இன்னும் குட்டையானது. அதுவும் மேசைக் கணினிக்குப் பொருந்தாது.

மறு வாரம் பழைய பட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனேன். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதன் மேல் ஒட்டிய சீட்டில் வகை, கொள்ளளவு, வேகம் மூன்றும் இருக்கும். "இதே மாதிரி, 8 ஜிபி" என்று காட்டி மாற்றி வாங்கினேன். பழைய 4, புதிய 8, மொத்தம் 12 ஜிபி. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மை. படவேலைக்கு அந்த வேகத்தைவிடக் களத்தின் பரப்புதான் முக்கியம் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே எழுதவில்லை. வாங்குமுன் ஒன்றை யோசியுங்கள்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியில் பெருந்தொகை போடுவது சரியல்ல. லினக்ஸுக்கு மாறத் தயார் என்றால் அது வேறு கதை. கிம்ப் அதிலும் ஓடும்.

பொருத்துவது ஐந்து நிமிட வேலை. கணினியை அணைத்து மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பட்டையைத் தொடுமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட வேண்டும்; நம் உடலில் இருக்கும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுத்துவிடலாம். ஸ்லாட்டின் காதுகளை விரித்து, வெட்டைப் பொருத்தி, இரு முனையிலும் சமமாக அழுத்தினால் 'டக்' என்று காது தானாக மூடும். திரையே வராமல் பீப் பீப் என்று கத்தினால் பதறாதீர்கள், பட்டை சரியாக உட்காரவில்லை. கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு, மறுபடி போடுங்கள்.

எல்லாம் செய்து கிம்ப்பைத் திறந்தேன். முன்போலவே ஊர்ந்தது! அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் நினைவு வந்தது. 4 ஜிபி காலத்தில் கணினி தொங்குகிறதே என்று கிம்ப்பின் விருப்பத்தேர்வுகளில், சிஸ்டம் ரிசோர்சஸ் பக்கத்தில், டைல் கேஷ் அளவை நானே 1 ஜிபியாகக் குறைத்து வைத்திருந்தேன். அதற்கு மேல் போனால் கிம்ப் தானாகவே வன்தட்டுக்குத் தள்ளிவிடும். களத்தை அகலப்படுத்திவிட்டு, பழைய வேலியைப் பிடுங்க மறந்த கதை. 7 ஜிபியாக உயர்த்தினேன். தூரிகை கையோடு ஓடியது.

வேண்டாம் என்று விட்டவை

சக ஆசிரியர் ஒருவர், "எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம்? ஏஐ செயலியில போடுங்க, ஒரு நிமிஷத்துல பளிச்சுன்னு வந்துரும்" என்றார். போட்டுப் பார்த்தோம். பளிச்சென்றுதான் வந்தது. கூர்மையான மூக்கு, சீரான பற்கள், கண்ணில் ஒளி. ஆனால் அச்சுப்படத்தில் அந்த இடத்தில் கறை. அங்கே என்ன இருந்தது என்று அந்தச் செயலிக்கு எப்படித் தெரியும்? தான் கற்ற எண்ணற்ற முகங்களிலிருந்து பொருத்தமாக ஒன்றைப் புனைந்து வைக்கிறது. அப்பாவைப் பார்த்த ஞாபகமே இல்லாத மகளுக்கு அதைக் கொடுத்தால், அதுதான் அப்பா என்று காலம் முழுக்க நம்பிவிடுவார். அழித்துவிட்டேன். கையால் கறையை நீக்கினால், நீக்க முடியாத இடம் மங்கலாகவே இருக்கும். மங்கல் பொய் இல்லை.

வேலை பாதியில் இருக்கும்போதுதான் இன்னொன்றும் தோன்றியது. ஒரு முகம்தானே வேண்டும்? ஸ்கேன் செய்யும்போதே 2 × 2 அங்குலம் மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால், 2400 × 2400 பிக்சல், 17 எம்பி. பழைய 4 ஜிபி கணினியே தாராளமாகச் செய்திருக்கும். ராஜபாளையத்துக்கு இரண்டு பயணம் மிச்சம். உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால் முதலில் இதைச் செய்யுங்கள். அதேபோல எமிஸ் படங்களுக்கு எந்தக் கூடுதல் நினைவகமும் வேண்டாம். விழாவுக்கு வைக்கும் 8 × 4 அடி பிளக்ஸ்கூட, தூரத்திலிருந்து பார்ப்பது என்பதால், அங்குலத்துக்கு 72 பிக்சல் போதும், சுமார் 2.4 கோடி பிக்சல்தான், நம் குரூப் போட்டோவில் கால்பங்குகூட இல்லை.

இவ்வளவு சொன்னாலும், முழுப் படத்தையும் எடுத்தது வீண்போகவில்லை.

முகத்தை அச்சிட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் தன் தாயாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பாட்டி படத்தைக் கையில் வாங்கியதும், "இவுக இல்லய்யா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரூப் போட்டோவைக் கணினியில் முழுதாக விரித்துக் காட்டினேன். பாட்டி விரலை வைத்தார். "இந்தா, பக்கத்துல நிக்கிறாகள்ல, இவுகதான்." பெயர்களை மறுபடி எண்ணினேன். மூன்றாவது வரிசையில் பெயர் பதினான்கு, தலை பதினைந்து. யாரோ ஒருவர் பெயரை அட்டையில் எழுதுபவர் விட்டிருக்கிறார். அங்கிருந்து எல்லாரும் ஓரிடம் தள்ளிப்போய்விட்டார்கள். பக்கத்து முகத்தில் கறை இல்லை. ஏற்கெனவே சீர்செய்த கோப்பிலிருந்து வெட்டி எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களை மின்னுருவாக்கிப் பாதுகாத்திருக்கிறது. பள்ளிகளில் பீரோ மேல் கிடப்பவற்றுக்கு நாம்தான் உண்டு. மீதி ஆறு படங்களையும் இப்போது ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்கிறேன். சட்டத்திலிருந்து கழற்றும்போது அட்டையோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே வைத்து எடுக்கிறேன், பெயர்ப் பட்டியலையும் சேர்த்து. பாட்டி சொன்ன பிறகு 1981 படத்தின் மூன்றாவது வரிசையைத் திருத்தி எழுதிவிட்டேன். பெயர் விடுபட்ட அந்தப் பதினைந்தாமவர், நான் முதலில் கறை துடைத்த அந்த முகமாக இருக்கலாம். கூடப் படித்தவர்கள் யாராவது ஊரில் இருந்தால் கேட்டுச் சொல்வதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார்.